அடி விழுந்தது

செப்டம்பர் 2, செவ்வாய்

முதல் கூட்டம் நடந்தது. பைபாஸ் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில், மாலை ஆறரைக்கு. வெல்டிங், டிங்கரிங், பெயின்ட் வேலை செய்கிற பதினான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் கல்யாணம் ஆனவர்கள். பெண் என்று நான் ஒருத்திதான். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து, மேலே அட்டை போட்டு எனக்கு இடம் கொடுத்தார்கள்.

நான் வேலை செய்கிற தொண்டு நிறுவனம் குடும்ப வன்முறை பற்றிப் பன்னிரண்டு வருடமாகப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்ததாம். அடிப்பது ஒருவர், கூட்டத்துக்குக் கூப்பிடுவது இன்னொருவரையா என்று ஒரு பெண் கேட்டாளாம். அதிலிருந்துதான் ஆண்களுக்கான இந்தக் குழு என்று நிறுவனத்தை நடத்துகிற பெனடிக்டா மேடம் சொன்னார்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பேசத் தேவையில்லை என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். மேடம் இரண்டு விதிகள் சொன்னார். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. அடுத்த வாரம் கூட்டம் தொடங்கும்போது குழுத் தலைவர் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். தாங்கள் சொன்னதை அவர்களும் காதால் கேட்க வேண்டுமாம்.

அந்தப் பதினான்கு பேர் போக, குழுத் தலைவர் என் அண்ணன் தனசேகர். சேலத்தில் ஐந்து நாள் பயிற்சி எடுத்து வந்திருக்கிறார். அண்ணன் இருக்கிற இடம் என்பதால்தான் அம்மா என்னை அனுப்பினாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணன் குறிப்பைப் படித்தார். பத்தாவதோடு நின்றவர் என்று சொல்ல முடியாது, அவ்வளவு திருத்தமான குரல். முன்கூட்டிப் பார்த்துக்கொள்வதில்லை. நோட்டை வாங்கியதும் நின்றபடியே படிக்கிறார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

"நம்ம பேசுனதா இது? நியூஸ் வாசிக்கறாப்ல இருக்குது" என்றார் சீரங்கண்ணன். ஐம்பது தாண்டிய வெல்டர். போண்டாவுக்காக வருவதாக அவரே சொல்லிக்கொள்கிறார்.

இன்று ஒன்றைக் கவனித்தேன். வீட்டில் நடந்ததைச் சொல்லும்போது 'அடித்தேன்' என்று யாரும் சொல்லவில்லை. 'கை நீண்டுருச்சு' என்றார்கள். 'அடி விழுந்துருச்சு.' 'ரெண்டு போட வேண்டியதாப் போச்சு.' 'சண்டையாயிருச்சு.' பி.ஏ. தமிழில் மூன்று வருடம் எழுவாய்க்கு அடிக்கோடு போட்டவள் நான். இந்த வாக்கியங்களில் எழுவாய் கை, அல்லது அடி. ஆளைக் காணவில்லை.

விதிப்படி அப்படியே எழுதினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணிக்குத் தலைவலி. நான் சமைத்தேன். பீங்கான் கப் ஒன்று உடைந்தது. துணி துவைத்து முடிக்கப் பதினொன்றாகிவிட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பன்னிரண்டு பேர். கோபம் வரும்போது என்ன செய்யலாம் என்று பேச்சு. தண்ணீர் குடிக்கலாம், வெளியே போய் நடக்கலாம் என்று அண்ணன் கையேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"வெளிய போனா டாஸ்மாக் இருக்குதுங்க" என்றார் பெயின்டர் மாதப்பன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

திரும்பும்போது வண்டியில் அண்ணன் கேட்டார். "நல்லாப் பேசறனா பாப்பா?"

"நல்லாப் பேசறீங்கண்ணா."

அப்பா இறந்த வருடம் அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அன்றைக்குப் பிடித்த வெல்டிங் துப்பாக்கியை இன்னும் அவர் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியதும் அவர்தான்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பட்டறையைக் கழுவி, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணியும் கிளம்புவதாகத்தான் இருந்தது. பச்சைப் புடவையை எடுத்து வைத்திருந்தார். காலையில் கன்னம் வீங்கியிருந்ததால் வரவில்லை.

"உன்ற அண்ணி வரலியா கண்ணு?" என்று சீரங்கண்ணன் கேட்டார்.

"பல்வலிங்க."

"டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"அண்ணன் கூட்டிட்டுப் போவாருங்க."

பொரியை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைய குறிப்பிலிருந்து ஒரு பகுதியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சீரங்கண்ணன்: "நான் அடிச்சேன். என்ற பொண்டாட்டிய. குடிச்சும் அடிச்சேன், குடிக்காமயும் அடிச்சேன். இருவத்தஞ்சு வருசம். பக்கத்தூட்டுக்காரன் கேக்கல, என்ற மச்சான் கேக்கல, ஒருத்தன் கேக்கல. அவ போயி நாலு வருசமாச்சு. இப்ப போண்டா வாங்கிக் குடுத்துக் கேக்கறீங்க."

அண்ணன் கையேட்டில் ஒரு பக்கம் தள்ளினார். "பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போனார்.

ஐந்து வாரத்தில் 'நான்' என்று தொடங்கிய முதல் வாக்கியம் அது.

அக்டோபர் 12, ஞாயிறு

உறுப்பினர்களின் மனைவிகளிடம் படிவம் நிரப்ப வேண்டும். பன்னிரண்டு கேள்விகள். தனியாக வைத்துக் கேட்க வேண்டும், சொந்தக்காரர்கள் நிரப்பக் கூடாது என்று மேலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஆபீசிலிருந்து கவிதா வருவதாக இருந்தது. அவளுக்கு ஏற்கெனவே ஒன்பது வீடுகள். அலைச்சல் எதற்கு என்று நானே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் ரேஷன் கார்டு, பேங்க், முதியோர் பென்ஷன் என்று எல்லோருக்கும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். பெயர், வயது கேட்டுக்கொண்டு மீதியை நானே போட்டுவிடுவேன். அந்தப் பழக்கம்.

அண்ணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலில் இருந்தாள். ஆறு கேள்விகள் சுலபமாக முடிந்தன. ஏழாவது: 'கடந்த மூன்று மாதங்களில் உங்கள் கணவர் உங்களை அடித்தாரா?'

அண்ணி நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீயே எழுதிக்க பூங்கொடி. அடுத்த ரூம்லதான படுக்கற."

எழுதிக்கொண்டேன். படிவம் எண் பதினான்கு முடிந்தது. சாயங்காலம் மழை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அண்ணன் எனக்குச் சுடிதார், அண்ணிக்கும் அம்மாவுக்கும் புடவை எடுத்திருந்தார். குலாப் ஜாமூன் கொஞ்சம் உடைந்துபோனது. மத்தியானத்துக்கு மேல் டிவியின் சத்தம் கூட்டி வைக்கப்பட்டது. நான் போனில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். சத்தத்தில் பேச முடியாது என்று போன் என் கையிலிருந்து வாங்கப்பட்டது. அவ்வளவாக வலிக்கவில்லை.

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்கப்பன் பண்ணுனதுல கால்வாசி இல்ல இது" என்றாள். முறுக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதனால் எனக்கு முதலில் புரியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் தினம். டவுன் ஹாலில் விழா. சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாறிய ஆண் ஒருவரை மேடையில் பேச வைக்க வேண்டுமாம். பதினான்கு படிவங்களில் எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் வந்திருப்பது ஒன்றில்தான். மேடம் அண்ணனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

அழைப்பிதழில் அண்ணன் பெயர் வரப்போகிறது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அண்ணி இரண்டு டம்ளர் காபி கூடுதலாகப் போட்டார்.

நவம்பர் 8, சனி

அண்ணிக்கு உடம்பு சரியில்லை.

நவம்பர் 10, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு அண்ணி எங்கள் ஆபீசுக்கு வந்தார். நான் வேலை செய்கிற இடம் என்று தெரியும். ஆனாலும் வந்தார், போக வேறு இடம் தெரியாததால். இடது மணிக்கட்டில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார். என்னைப் பார்க்காமல் நேராக மேடத்தின் மேஜைக்குப் போனார்.

"மேடம், எனக்கு ஒதவி வேணுங்க. என்ற ஊட்டுக்காரரு..."

மேடத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பெயரையும் கணவர் பெயரையும் கேட்டார். கேட்டதும் முகம் மாறியது. அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார்.

"தனசேகரா? நீங்களே 'இல்லை'ன்னு சொல்லியிருக்கீங்களேம்மா. ஒரு மாசம்கூட ஆகல." படிவத்தை அண்ணி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அண்ணி பிளஸ் டூ படித்தவர். கல்யாணத்துக்கு முன்பு முட்டை ஏற்றுமதி செய்கிற இடத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். படிவத்தைப் படித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். வீட்டில் மளிகை லிஸ்ட் நான்தான் எழுதுகிறேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. நான் எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று பார்த்தது போல இருந்தது.

பிறகு மேடத்திடம் சொன்னார். "ஆமாங்க. நாந்தான் சொன்னேன். கை கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு இவள அனுப்புவீங்களான்னு கேக்கலாம்னு வந்தேன்."

என்னைக் காப்பாற்றினார்.

ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கூட்டம். அண்ணன் நவம்பர் 25 பேச்சை ஒத்திகை பார்த்தார். "ஒரு காலத்துல என் வீட்லயும் சண்டை நடக்கும், சில சமயம் அடியும் விழும்" என்று தொடங்கினார். கைதட்டினார்கள். சீரங்கண்ணன் போண்டாவைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். கப் உடைந்தது. கன்னம் வீங்கியிருந்தது. சத்தம் கூட்டி வைக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தப் பதினான்கு பேரின் வாக்கியங்களில் நான் தேடிக்கொண்டிருந்த ஆளை, என் வாக்கியங்களிலிருந்து நானே எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

அண்ணன் பட்டறைக்குப் போன பிறகு அண்ணியிடம் போனேன். ஒற்றைக் கையால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"மேடத்துகிட்ட சொல்லிடட்டுமாங்க அண்ணி?"

"எத?"

"நான் பொய் எழுதினத."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீ. அம்மா அங்க ஒக்காந்திருந்தாங்க, என்னால வாய் தெறக்க முடியல. அப்பறமாத் தனியா வந்து கேப்பன்னு நெனச்சேன். அன்னிக்குப் பூரா நெனச்சேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"திங்கக்கெழம எங்கக்கா ஊட்டுக்கு ராசிபுரம் போறேன். அவங்க மாமியாருக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டுப் போவேன். திரும்பி வர்றதா இல்ல. நான் பஸ் ஏறுனதுக்கப்பறம் நீ யாருகிட்ட வேணாலும் சொல்லு. பதினாலு பேரு முன்னாடி சொன்னாலும் செரி. நான் இங்க இருக்கறப்ப மட்டும் சொல்லாத."

என்னென்ன தேதிகள் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். நான் எழுதி வைத்திருந்ததைவிட அதிகம்.

நவம்பர் 17, திங்கள்

அண்ணி காலை ஏழே முக்கால் பஸ்ஸில் போய்விட்டார். மேடத்திடம் சொன்னேன். படிவத்தை எழுதியது நான், கேட்காமல் எழுதினேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "சொந்தக்காரங்க எழுதக் கூடாதுன்னு அச்சடிச்சவளே நான்தான். கையெழுத்துப் போடறப்போ யார் எழுதினதுன்னு நானும் பாக்கல" என்றார். கொஞ்சம் கழித்து, "இருபத்தஞ்சு முடியட்டும் பூங்கொடி. அழைப்பிதழ் போயிருச்சு. அவங்க இப்ப பத்திரமாத்தானே இருக்காங்க. அப்பறம் முறையா விசாரிக்கலாம்" என்றார்.

நல்லவர்தான். பன்னிரண்டு வருடம் பெண்களுக்காக அலைந்தவர்.

நாளை செவ்வாய். கூட்டக் குறிப்பைச் சுத்தமாக எழுதி முடித்தேன். கடைசியில் 'திருத்தம்' என்று ஒரு தலைப்புப் போட்டேன். 'அடித்தான்' என்று எழுத வரவில்லை. 'அடித்தார்' என்றே எழுதினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பதினொரு பேர். அண்ணன் நோட்டை வாங்கினார். வழக்கம்போல் புரட்டிப் பார்க்கவில்லை. நின்றபடி தொடங்கினார். சென்ற வாரம் வந்தவர்கள், பேசியது, ஒத்திகை எல்லாம் முடிந்து திருத்தத்துக்கு வந்தார்.

"திருத்தம். படிவம் எண் பதினான்கில் ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருப்பது பொய். அதை எழுதியவள் பூங்கொடி. அம்சவேணியைக் கேட்காமல் எழுதினாள். செப்டம்பர் பதினான்கு, முப்பது, அக்டோபர் நான்கு, இருபது, நவம்பர் எட்டு ஆகிய நாட்களில் குழுத் தலைவர் தனசேகர் தன் மனைவி அம்சவேணியை..."

வாய் பழக்கத்தில் முன்னால் ஓடிவிட்டது. புத்தி அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. நிறுத்தினார்.

கம்ப்ரசர் ஓடும் சத்தம் மட்டும். யாரோ எழுந்துபோய் அதையும் அணைத்தார்கள்.

"அம்சவேணிய?" என்றார் சீரங்கண்ணன்.

அண்ணன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தனசு. ஆனா முடிஞ்சிருச்சா முடியலியான்னு தெரியும். அது முடியல. முடிச்சுட்டு ஒக்காரு."

நான் பெயின்ட் டப்பாவிலிருந்து எழுந்து நின்றேன். பன்னிரண்டு கூட்டங்களில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அடித்தார்" என்றேன்.

அண்ணன் நோட்டை என் காலடியில் போட்டுவிட்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஊட்டு விசயத்த இங்க கொண்டாந்து ஏன் அம்மிணி?" என்றார் மாதப்பன். "அண்ணன் தங்கச்சி பேசித் தீத்துக்கறத உட்டுட்டு."

சீரங்கண்ணன் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நான் அன்னிக்கிப் பேசுனது எந்த ஊட்டு விசயம்டா? நான் செத்தவளப் பத்திப் பேசுனா ஒக்காந்து கேக்கறீங்க. உசுரோட இருக்கறவளப் பத்திப் பேசுனா ஊட்டு விசயமா?"

சீரங்கண்ணன் என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தார்.

நவம்பர் 19, புதன்

அண்ணன் பேசவில்லை. அம்மா மட்டும் ஒன்று கேட்டாள். "இதுக்குத்தான் உன்னப் படிக்க வச்சானா?"

அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். எங்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது.

நவம்பர் 22, சனி

அண்ணன் என் பட்டத்தைக் கீழே எறிந்து கண்ணாடியை உடைத்தார். பொறுக்கப் போன என் கையைப் பிடித்து முறுக்கினார். "எடுத்து ஒட்டு. ஒட்டி மாட்டு" என்றார். வலித்தது.

நவம்பர் 25, செவ்வாய்

விழா நடந்தது. அண்ணன் போகவில்லை. என்னை வர வேண்டாம் என்றார்கள். அவர் பேச வேண்டிய நேரத்தில் தெருக்கூத்தைக் கொஞ்சம் நீட்டினார்களாம். கவிதா சொன்னாள்.

நவம்பர் 30, ஞாயிறு

நேற்று அண்ணியின் அக்கா எனக்கு போன் செய்தார். அண்ணியின் பீரோவில்தான் அவருடைய சர்டிபிகேட்டும் துணியும் நகையும் இருக்கின்றன. அவர் அப்பா கொடுத்த பீரோ. அண்ணிக்குத் தனியாக வரப் பயமாக இருக்கிறது என்றார். நான் சீரங்கண்ணனிடம் சொன்னேன்.

இன்று பத்து மணிக்கு ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி தெருவுக்குள் வந்தது. முன்னால் அண்ணி. பின்னால் நின்றுகொண்டு வந்தவர்கள் சீரங்கண்ணன், குழுவில் இன்னொருவர், மூன்றாவது மாதப்பன். அவரை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் வாசற்படியில் நின்றார். "ஆள் சேத்திக்கிட்டு வந்து மெரட்டறீங்களாண்ணா?"

"மெரட்ட வரல தனசு. பீரோ தூக்க வந்தோம்" என்றார் சீரங்கண்ணன். "பேசறதுன்னா செவ்வாக்கெழம வா. எடம் அங்கயேதான் இருக்குது."

"என் ஊட்டுக்குள்ள..."

"அவ பீரோ."

மாதப்பன் குனிந்து செருப்பைக் கழற்றினார். அண்ணனைத் தாண்டி உள்ளே போக, அண்ணன் தோளில் அவர் தோள் உரசியது. பத்து வருடம் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள். அண்ணன் நகர்ந்துகொண்டார்.

தெருவே பார்த்தது. மூன்று பேரும் பீரோவைச் சாய்த்து, "பாத்து, பாத்து, கதவு நெலவுல இடிக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வெளியே கொண்டுவந்தார்கள். அண்ணி உள்ளே வரவேயில்லை. மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டி அருகில் நின்றார். பீரோ ஏறியதும் என்னைக் கூப்பிட்டார்.

"கையில என்ன?"

நான் சுடிதார் கையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"நாங்க போனப்பறம் நீ எங்க படுப்ப இன்னிக்கி?"

வீட்டில் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. இத்தனை நாளில் அதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. அல்லது நினைக்காமல் இருந்தேன்.

"அவ எங்கயும் வர மாட்டா" என்றார் அண்ணன் படியிலிருந்து.

சீரங்கண்ணன் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு."

"வர்றேங்க" என்றேன்.

துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அம்மாவும் வந்துவிடலாம், அண்ணியின் அக்கா வீட்டில் இடம் இருக்கிறது என்றேன். திரும்பாமலே சொன்னாள்.

"எல்லாரும் போயிருங்க. அவனுக்கு ஒரு ஆள் வேணுமில்ல."

சோறு போட மட்டும்தான் ஒரு ஆள் என்று அம்மா சொன்னதாக எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். ராசிபுரம் வரும்வரை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.